வல்லரசின் எடை

என் பிள்ளைக்கு வல்லரசு என்று பேர் வைத்தது என் வீட்டுக்காரர். வாய்க்கு அடக்கமாக ஒரு பேர் வைக்கலாம் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. பிறந்தபோது இரண்டே கால் கிலோ இருந்தான், ஒன்றரை வயதில் எட்டு கிலோ. பால்வாடியில் டீச்சர் "வல்லரசு" என்று கூப்பிட்டதும் சுற்றி உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். என் இடுப்பில் இருப்பதைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பேன். உள்ளே எரியும்.

எங்கள் ஊர் மயிலத்துக்குக் கிழக்கே, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் சொந்த நிலம். வேர்க்கடலையும் உளுந்தும் போடுகிறோம், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர். மூட்டை மூட்டையாக மல்லாட்டை விளைகிற வீட்டில் பிள்ளை டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தான் என்றால் யாராவது நம்புவார்களா? அதுதான் நடந்தது. காலையில் அப்பாவோடு கடைக்குப் போய் அரை டம்ளர் டீ, ஒரு வர்க்கி. பதினோரு மணிக்குத் தண்ணீராகக் கரைத்த கேப்பைக் கூழ். மத்தியானம் ரசஞ்சாதம், அதையும் வடிகட்டினது போல. சாயங்காலம் மறுபடியும் டீ, பிஸ்கட். வயிறு எப்போதும் நிறைந்துதான் இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

மார்கழிக் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். என்னென்ன கொடுக்கிறேன் என்று கேட்டார். ஒன்று விடாமல் ஒப்பித்தேன். திட்டுவார் என்று பயந்து நின்றேன். திட்டவில்லை.

"பையன் நல்லாத்தாம்மா சாப்பிடறான். நீங்கதான் தண்ணியா குடுக்கறீங்க," என்றார். "அவன் வயிறு அவன் கைப்பிடி அளவுதான். அதுல டீயை ரொப்பிட்டா சோத்துக்கு எங்க எடம் இருக்கும்?"

அந்த ஒரு கேள்வி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

டீ, பிஸ்கட் இரண்டையும் நிறுத்தச் சொன்னார். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் எழுதினார். கேப்பைக் கூழ் ஸ்பூன் நிற்கிற பதத்துக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், அதில் வறுத்துப் பொடித்த மல்லாட்டை இரண்டு ஸ்பூன் போட வேண்டும். பருப்புச் சோற்றைக் குழைய மசித்து ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்ற வேண்டும். தினம் ஒரு முட்டை. முருங்கைக் கீரை, வாழைப்பழம். ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. காலை அழுத்திப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். விரலை எடுத்தபின் குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார். அன்றைக்குக் குழி விழவில்லை. அதன்பிறகு தினமும் குளிப்பாட்டும்போது அழுத்திப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

இதில் ஆனந்தராஜுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, மறுப்பு ஒன்றும் இல்லை. மறுப்பு அவர் அக்காவிடமிருந்து வந்தது.

முனியம்மாள் அண்ணி பிரம்மதேசம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். எப்போது வந்தாலும் பையில் நாட்டுக்கோழி முட்டை இருக்கும். பிள்ளைமேல் உயிர். முதல் பிறந்தநாளுக்கு வெள்ளியில் அரைஞாண் கொடியும் கொலுசும் செய்து போட்டவரும் அவர்தான். அதைச் சொல்லிக்காட்டாமல் அவரால் ஒரு வேளைச் சோறு சாப்பிட முடியாது. "கொடி நூத்தி எண்பது, கொலுசு ரெண்டும் சேத்து நூத்தி இருபது. முன்னூறு கிராம், கெட்டி வெள்ளி. திண்டிவனத்துல நானே நின்னு எடை போட்டு வாங்கினது" என்று என்னிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார், ஒருமுறை பஸ் கண்டக்டரிடமும் சொன்னார். பாவம், அந்த ஆள் டிக்கெட் கேட்டது ஒரு தப்பா?

பொங்கலுக்கு வந்தவர் வல்லரசைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறக்கி வைத்தார்.

"இது சவலைதான். நான் சொல்றேன். முட்டையும் மல்லாட்டையும் குடுத்துலாம் இது தீராது. சூடு போட்டாத்தான் தீரும்."

சூடு என்றால் இதுதான். மஞ்சள் கிழங்கை விளக்கில் காட்டிக் காந்தவைத்து, பிள்ளையின் தொப்புளைச் சுற்றி மூன்று இடத்தில் வைப்பார்கள். வைக்கிற கிழவர் இருக்கும் ஊரின் பேரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே நாலு பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே கிளம்பிவிடுவார்கள்.

"வேணாம் அண்ணி. டாக்டரு கூடவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்றேன்.

"இவனுக்கும் போட்டதுதான்," என்று தம்பியைக் காட்டினார். "உசுரோடதானே நிக்கறான்?"

ஆனந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வயிற்றில் அந்த மூன்று தழும்புகள் இருக்கின்றன, புளியங்கொட்டை அளவில். கல்யாணமான புதிதில் என்னவென்று கேட்டேன், அம்மை என்று சொன்னார்.

அண்ணியைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனந்தராஜுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தானாம். இரண்டு வயதில் மெலிந்து மெலிந்தே போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்குச் சூடு போட அவர்கள் அம்மாவுக்கு மனசு வரவில்லையாம். அடுத்துப் பிறந்த இவரும் மெலிந்தபோது போட்டுவிட்டார்கள், இவர் பிழைத்துக்கொண்டார். போன பிள்ளையைத் தன் எட்டு வயதில் இடுப்பில் சுமந்தது முனியம்மாள் அண்ணிதான். அவர் கணக்கு அது. அந்தக் கணக்கோடு நான் எப்படி வாதாடுவேன்?

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம்.

"சித்திரை வரைக்கும் பாக்கறேன்," என்றார் அண்ணி. "மாசா மாசம் ஏறிக்கினே போனா நீ சொல்றபடி நடக்கட்டும். ஒரு மாசம் எறங்கினாலும் நான் வந்து இட்டுக்கினு போவேன். நீ நடுவுல பேசக்கூடாது. சரியா?"

ஆனந்தராஜ் என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியிருந்தது. "சரி" என்று சொல்லிவிட்டேன். வீம்புக்குச் சொன்ன சரி அது. என் நாக்கில்தான் சனி.

அந்த வாரமே பால்வாடியில் எடை போட்டார்கள். ஆரோக்கியசெல்வி டீச்சர் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். அதட்டுவார், ஆனால் மனசு வெள்ளை. தொட்டி வைத்த எலெக்ட்ரானிக் தராசைத் தரையில் வைத்துவிட்டு, "சட்டையக் கழட்டு, வெள்ளியெல்லாம் கழட்டு" என்றார்.

சட்டையைக் கழற்றினேன். அரைஞாணிலும் கொலுசிலும் கை வைக்கவில்லை. பிள்ளையை வெறும் இடுப்போடு நிற்கவைப்பார்களா? அதுவும் நாலு பேர் கண் படுகிற இடத்தில்? "அத்தக் கழட்டக் கூடாது டீச்சர், எங்க வழக்கம்" என்றேன். எனக்கு முன்னால் வந்த மூன்று தாய்மார்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். டீச்சர் சலித்துக்கொண்டார்.

"சரி, விடு. எல்லா மாசமும் இதே மாதிரி போட்டுக்கினு வந்தீங்கன்னா ஏத்த எறக்கம் தெரிஞ்சுடும்."

நியாயமாகத்தான் பட்டது. எட்டு கிலோ என்று அட்டையில் புள்ளி வைத்தார். மஞ்சள் பட்டையில், சிவப்புக்குக் கொஞ்சம் மேலே. "சிவப்புல விழுந்திருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருப்பேன். நல்லவேளை" என்றார். நானும் நல்லவேளை என்றுதான் நினைத்தேன்.

அதிலிருந்து என் பொழுது முழுக்க ஆறு வேளையாகப் பிரிந்துவிட்டது. வல்லரசு சும்மா சாப்பிடுகிற ஆளா? முதல் வாரம் கெட்டிக் கூழை என் முகத்தில் துப்பினான். டீ கேட்டுத் தரையில் உருண்டான். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிக்கு ஒரு வாய் கொடுத்தால் அவன் ஒரு வாய் வாங்கிக்கொண்டான். ஆட்டுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. மாசி முடிவதற்குள் ஆட்டுக்குட்டி நன்றாகத் தேறிவிட்டது. ஆனந்தராஜ் பார்த்துச் சிரித்தார், "அதுக்கும் ஒரு அட்டை வாங்கிடு" என்று.

மாசியில் எட்டே கால். பங்குனியில் எட்டரை. ஒவ்வொரு தடவையும் ஆனந்தராஜ் அட்டையைப் போனில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினார். அண்ணி பதிலுக்கு ஒன்றும் எழுத மாட்டார். இரண்டு நீலக்கோடு விழும், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரமே யார் கையிலாவது முட்டை வந்து சேரும்.

எனக்கு நிம்மதி வந்ததா என்றால் இல்லை. பங்குனிக்குப் பிறகுதான் பயம் கூடியது. ஒவ்வொரு தும்மலுக்கும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு தடவை கொஞ்சம் இளகிப் போனாலே பேதியோ என்று மூன்று முறை போய்ப் பார்ப்பேன். ஒரு வேளை சாப்பாடு தப்பினால் அத்தோடு நூறு கிராம் போயிற்று என்று தோன்றும். தராசு இல்லாமலே தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். காலையில் கனமாக இருப்பான், சாயங்காலம் லேசாக இருப்பான், என் கைக்கு ஒன்றும் விளங்காது.

சித்திரை பிறந்ததும் வெயில் கொளுத்தியது. பிள்ளையின் கணுக்காலிலும் இடுப்பிலும் வரிவரியாகச் சிவந்து தடித்தது. வேர்க்குரு என்று நினைத்தேன். வெள்ளி உரசினால் புண்ணாகிவிடும் என்று கொலுசையும் கொடியையும் கழற்றித் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். வெறும் இடுப்பாக விடக்கூடாதே, அதனால் ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டினேன். பவுடர் போட்டேன். அந்த வேலை அதோடு முடிந்தது, அதை நான் மறந்தும் போனேன்.

பத்து நாள் கழித்து எடை போடும் நாள் வந்தது. அன்று காலை ஒரு முட்டை, கூழ், பாதி வாழைப்பழம் எல்லாம் உள்ளே போயிருந்தது. தெம்பாகத்தான் போனேன். டீச்சர் "வல்லரசு" என்று கூப்பிட்டார். அன்றைக்கு யார் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை என்று இருந்தேன்.

தொட்டியில் உட்கார வைத்தேன். எண்கள் ஓடி நின்றன. டீச்சர் குனிந்து பார்த்தார். பிள்ளையைத் தூக்கச் சொன்னார், தராசைத் தட்டி ஜீரோவுக்குக் கொண்டுவந்தார், மறுபடி உட்கார வைக்கச் சொன்னார்.

"எட்டு நானூறு," என்றார்.

"போன மாசமே எட்டரை டீச்சர்."

"அதான் பாக்கறேன். ஜுரம் கிரம் வந்துதா? பேதி?"

"ஒண்ணும் வரல டீச்சர். வேளா வேளைக்குக் குடுத்துக்கினுதான் இருக்கேன்."

"பேஜாரு படாத. வெயில் காலம்தானே, நூறு கிராம் எறங்கும். அடுத்த மாசம் ஏறிடும்."

எனக்கு அடுத்த மாசம் ஏது? டீச்சருக்கு அது தெரியாது. சூட்டுப் பேச்சை நான் அவரிடம் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. அட்டையில் முதல் தடவையாகக் கோடு கீழ்நோக்கி இறங்கியது. சும்மா ஒரு பேனாக் கோடுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். எங்கே தப்பு விட்டேன்? மல்லாட்டையை அதிகமாக வறுத்துச் சத்தைத் தீய்த்துவிட்டேனா? எண்ணெய் ஸ்பூன் தலை தட்டி ஊற்றினேனா? போன வியாழக்கிழமை கழனியில் வேலை என்று நாலு வேளைதான் கொடுத்தேனே, அதுவா? வாசலில் ஆட்டுக்குட்டி என்னைப் பார்த்துக் கத்தியது. அதன் வயிற்றைப் பார்த்தேன். பாவி, என் பிள்ளை சோற்றையெல்லாம் நீதான் தின்றாயா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

ஆனந்தராஜ் கழனியிலிருந்து வந்ததும் அட்டையைக் கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். எண்ணைத் திருத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நாளைக்கு நிஜமாகவே இறங்கிக்கொண்டே போனால்? எனக்கே தெரியாமல் என் பிள்ளை கரைந்துகொண்டிருந்தால்? அந்தப் பயம் சூட்டுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அட்டையைக் கொடுத்தேன்.

அவர் அட்டையை விரித்துப் பார்த்தார். "அக்காக்கு அனுப்பாம இருக்க முடியாது பிரியா," என்றார்.

"அனுப்புங்க. ஆனா சூடு மட்டும் வேணாங்க. உங்களுக்கு வலிச்சுது இல்ல? ஞாபகம் இல்லியா?"

"எனக்கு அப்ப ரெண்டு வயசு. ஒண்ணும் ஞாபகம் இல்ல." சட்டைமேல் கையை வைத்து வயிற்றைத் தடவிக்கொண்டார். "ஆனா நான் பொழைச்சேன். அண்ணன் பொழைக்கல. ஒருவேளை அது நெசமா இருந்தா இன்னா பண்றது?"

அவரும் பயந்து போயிருந்தார். பயந்தவரோடு சண்டை போட்டு என்ன பிரயோஜனம்? படம் போனது. இரண்டு நீலக்கோடு விழுந்தது. உடனே போன் அடித்தது.

"காலைல ஏழரை பஸ்ஸுல வர்றேன். புள்ளையக் குளிப்பாட்டி வை. ஒம்பது மணி பஸ்ஸப் புடிச்சாத்தான் கெழவரு இருப்பாரு," என்றார் அண்ணி. குரலில் வெற்றி ஒன்றும் இல்லை, அழுதிருந்தவர் குரல் மாதிரிதான் இருந்தது.

நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். கூட்டேரிப்பட்டில் பஸ் மாற வேண்டும். அங்கே இறங்கினதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிடுவது. விழுப்புரத்தைத் தாண்டி என் அம்மா வீடு. கட்டைப்பைக்குள் இரண்டு சட்டையும் டானிக்கும் கேப்பை மாவும் வைத்துக்கொண்டேன். ஏறிப் போனபிறகு என் குடித்தனம் என்னாகும் என்று யோசிக்கவில்லை. யோசித்தால் கை ஓடாது.

காலையில் அண்ணி சொன்னபடி வந்தார். கையில் பை, பையில் முட்டை. சூடு போடக் கூட்டிப்போகிற நாளிலும் முட்டை கொண்டுவருகிற மனுஷியை என்ன சொல்வது? வல்லரசு "அத்த, அத்த" என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டான். அவர் தூக்கிக்கொண்டார். ஒரு நொடி முகம் மாறியது, பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

புதுச் சட்டை போட்டுவிட்டேன். அண்ணி மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா இது, வெறுங்காலா இருக்குது? இடுப்புல கயிறு? அனாதப் புள்ள மாதிரி இட்டுக்கினு போறதா? நான் போட்ட வெள்ளி எங்க?"

"வேர்க்குரு போட்டுச்சு அண்ணி. கழட்டி வெச்சுப் பத்து நாளாச்சு."

"எடு, ஜல்தி. பஸ் வந்துடும்."

பீரோவிலிருந்து துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தேன். அண்ணி கீழே உட்கார்ந்து பிள்ளையின் காலை மடியில் வைத்துக்கொண்டு கொலுசைச் சுற்றினார். கொக்கி எட்டவில்லை. சரியாகப் பிடித்து இழுத்தார். எட்டவில்லை. ஒரு நூல் இடைவெளி நின்றது. அடுத்த காலில் பார்த்தார். அதுவும் அப்படித்தான். அழுத்தி மூடப் பார்த்தபோது வல்லரசு வீலென்று அழுதான், அவர் கையை எடுத்துவிட்டார்.

"இது வேற கொலுசா?"

"அதேதான் அண்ணி."

தை மாசத்தில் அது அவன் பாதம்வரை இறங்கி லொடலொடவென்று தொங்கியது. கழன்று விழுமோ என்று நான் துணி சுற்றி வைத்ததுகூட உண்டு.

அண்ணி காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"எடை எறங்கிச்சுன்ற. காலு பெருத்திருக்குது. பிரியா, இது வீக்கம்."

டாக்டரம்மா சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப வந்தது. நீர் கோத்துவிட்டதா? நேற்றும் இன்றும் இந்த அலைச்சலில் அழுத்திப் பார்க்க மறந்தேனே. பிள்ளையின் காலைப் பிடுங்கி மடியில் போட்டு, கணுக்காலுக்கு மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். எண்ணினேன். பத்து வந்தது. விரலை எடுத்தேன்.

குழி விழவில்லை. அழுத்தின இடம் வெளுத்து, உடனே சிவந்து நிறைந்தது. இன்னொரு காலிலும் பார்த்தேன். பாதத்தின் மேலும் பார்த்தேன். எங்கேயும் இல்லை. கெட்டியான சதை. அன்றைக்கு வரிவரியாகச் சிவந்தது வேர்க்குருவால் இல்லை, வெள்ளி இறுகினதால்.

"நீர் இல்ல அண்ணி. இது சதைதான்."

"சதையா? அப்ப எப்படி எறங்கும்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. இரண்டு பேரும் கொலுசைப் பார்த்தோம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணி, இந்த வெள்ளி எத்தினி கிராம்?"

"முன்னூறு. எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்? கொடி நூத்தி எண்பது, கொலுசு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"தையில, மாசியில, பங்குனியில, மூணு மாசமும் இதப் போட்டுக்கினுதான் எடை போட்டோம். நேத்து போடல."

ஆனந்தராஜ் வாசலில் நின்றிருந்தார். "அப்ப பங்குனில எட்டரைன்னா..." என்று விரல் விட்டு எண்ணினார்.

"எட்டு இருநூறு," என்றேன். "நேத்து எட்டு நானூறு. எறங்கலங்க. இருநூறு ஏறியிருக்கான்."

சொல்லிவிட்டு நானே நம்பவில்லை. பங்குனியில் வெள்ளி கழற்றினேனா, இல்லையா? ஆசைப்பட்டு நானாகக் கணக்கைத் திரிக்கிறேனா? அண்ணியும் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவர் எழுந்து வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டார். "வா, பால்வாடிக்குப் போலாம்," என்றார்.

டீச்சர் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், சூட்டுப் பேச்சு உள்பட எல்லாம் சொன்னதும், அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். தராசை எடுத்து வைத்தார். முதலில் வெள்ளியை மட்டும் போட்டார். தராசு முன்னூறு கிராம் காட்டியது. எங்கள் அண்ணி ஒரு கிராம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அப்புறம் வெள்ளியை எடுக்காமலே, சட்டையைக் கழற்றிய வல்லரசையும் அதே தொட்டியில் வைத்தார்.

"எட்டு எழுநூறு. பழைய கணக்குப்படி, வெள்ளியோட, இந்த மாசம் எழுதியிருக்க வேண்டியது இதான்," என்றார் டீச்சர்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஆனந்தராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சர் அட்டையை விரித்து, பென்சிலை எடுத்துப் பழைய புள்ளிகளுக்குக் கீழே புதுப் புள்ளி வைக்க ஆரம்பித்தார். பங்குனிப் புள்ளி மஞ்சளிலேயே, சிவப்பை ஒட்டி நின்றது. மாசிப் புள்ளி சிவப்பில் விழுந்தது. தைப் புள்ளி அதைவிடக் கீழே, நல்ல சிவப்பில் விழுந்தது. ஏழு எழுநூறு.

"அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கணும்," என்றார் டீச்சர் மெல்ல. "நான்தான் விட்டுட்டேன். கழட்டுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கணும்."

டீச்சர் என்ன செய்வார்? கழட்டக் கூடாது, எங்க வழக்கம் என்று நிமிர்ந்து நின்று சொன்னது நான். கண்ணேறு படக்கூடாது என்று முன்னூறு கிராம் வெள்ளியை அவன் இடுப்பிலும் காலிலும் மாட்டி, அவன் எவ்வளவு மெலிந்திருக்கிறான் என்பதை எல்லார் கண்ணிலிருந்தும் மறைத்தேன், என் கண்ணிலிருந்தும்தான். அந்த இரண்டு மாசத்தில் ஒரு நல்ல காய்ச்சல் வந்திருந்தால்? ஒரு பேதி வந்திருந்தால்? ஆட்டுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய் என்று நான் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் அவன் அந்தச் சிவப்பில் இருந்திருக்கிறான். அழுதேன், எல்லார் எதிரிலும்தான்.

வல்லரசு தராசை விட்டு இறங்காமல் தொட்டியின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தான். ரோட்டில் ஒன்பது மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணி அதற்குத் திரும்பவில்லை. அட்டையில் அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் சுமந்த அந்தப் பிள்ளைக்கு ஒரு அட்டை இருந்திருந்தால் அதில் புள்ளி எங்கே விழுந்திருக்கும் என்று யோசித்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை.

அப்புறம் அவர் தராசுக்குப் பக்கத்தில் குந்தினார். வெள்ளியை எடுத்து என் மடியில் போட்டார். வல்லரசின் இடுப்பில் நான் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றின் முடிச்சைத் தேடினார். இறுகியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார், அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். பிறந்த பத்தாம் நாளிலிருந்து வெறும் இடுப்பாக ஒரு நாளும் இருந்திராத பிள்ளை, கூச்சத்தில் சிரித்தான்.

"இதுவும் வேணாம் டீச்சர்," என்றார் அண்ணி. "இப்பப் போடுங்க."

எண்கள் ஓடி, நேற்று நின்ற இடத்திலேயே நின்றன. அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடைத் தராசு பார்த்துப் பழகினவர், எண் தெரியும். குனிந்து அவரே படித்தார்.

"எட்டு நானூறு. எழுதிக்கோங்க டீச்சர்."